போர்டுல யார் பேர் போடுறது?

வேலும் மயிலும் துணை.

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு ரயில்ல திரும்பும்போது பொறுமையா படிங்க. ஒரு சின்ன போர்டு விஷயம் என்னை மூணு வாரம் தூங்க விடல. அதைத்தான் எழுதுறேன்.

எங்க ஊர் திருநின்றவூர். பெரியவங்க வாயில இன்னமும் திண்ணனூர். ஆடிக் கிருத்திகைக்குச் சென்னைப் பக்கமிருந்து திருத்தணிக்கு நடந்து போற அடியார்கள் நிறைய பேர் எங்க ஊர் வழியா, சி.டி.எச். ரோட்டுலதான் போவாங்க. இங்கிருந்து தணிகை இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. அவங்களுக்காக நாங்க பத்து பசங்க சேர்ந்து மூணு வருஷமா ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுறோம். நீர்மோர், பானகம், காலுக்குத் தைலம், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவோம், ஆடிக் காத்துல கிழிஞ்சு போகும். அதனால இந்த வருஷம் நிரந்தரமா ஒரு கிரானைட் போர்டு வெச்சிடலாம்னு ஒருத்தன் சொன்னான். பக்கத்து டீக்கடைக்காரர் தன்னோட சுவரிலேயே பதிச்சுக்கச் சொல்லிட்டார்.

அதுல யார் பேர் போடுறதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு வந்தது. நான்தான் கேட்டேன், எங்க அப்பா பேர் போடலாமான்னு. அப்பா இருபது வருஷத்துக்கு மேல தணிகைக்கு நடந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி காலமானார். பாதிச் செலவு நான் தரேன்னு சொன்னேன். எல்லாரும் கும்பிடு போட்டு ஒத்துக்கிட்டாங்க. அப்பா போட்டோ, கீழே 'நினைவாக' அப்படின்னு டிசைன் கூட ரெடி.

சுவரை அளக்கப் போன அன்னிக்கு டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னார்: "அப்பா பேர் போடு தம்பி, நல்லதுதான். ஆனா இந்த இடத்துல முதல்ல தண்ணி வெச்சது ஆயா. உனக்கு ஞாபகம் இல்ல?"

அப்போதான் ஞாபகம் வந்தது. அப்பா சொல்லுவார், "ஆயாகிட்ட ஒரு சொம்பு தண்ணி குடிச்சா திருவள்ளூர் வரைக்கும் கால் வலிக்காதுடா." இங்கே ஒரு புங்கமரம் இருந்தது. அதுக்குக் கீழே ஒரு அம்மா இட்லிக்கடை போட்டிருந்தாங்க. ஆடி மாசம் மட்டும் கடை ஓரத்துல ரெண்டு மண்பானை, உள்ளே வெட்டிவேர். யார்கிட்டேயும் காசு வாங்கினதில்ல. அப்புறம் ரோடு அகலமாச்சு, மரம் போச்சு, ஆயாவும் போயிட்டாங்க. சில வருஷம் கழிச்சு 'நல்ல ஸ்பாட்'னு நாங்க இந்த இடத்தைப் பிடிச்சோம். ஏன் நல்ல ஸ்பாட்? நடக்கிறவங்க இங்கே வந்தா தானா நிற்பாங்க. அந்தப் பழக்கத்தை உண்டாக்கினது அந்த ரெண்டு பானை.

"அவங்க பேர் என்னண்ணே?"

"ஆயாதான். பேர் யாருக்குப்பா தெரியும்?"

*பெயரைத் தேடாதவர் ஊர்*

இதுல வேடிக்கை என்னன்னா, நாங்க பிறந்த ஊரே இந்தக் கேள்விக்குப் பேர் போனது.

பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருநின்றவூர்க்காரர். சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில பணம் இல்ல. எங்கெங்கேயோ தேடியும் கிடைக்கல. அதனால மனசுக்குள்ளேயே கல்லு சேர்த்தார், தச்சரை வரவழைச்சார், நாள் பார்த்து அடித்தளம் போட்டார், விமானம், மதில், குளம், கிணறு எல்லாம் கட்டி முடிச்சு, கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறிச்சார். அதே நாள்லதான் காஞ்சியில பல்லவ ராஜா தன்னோட கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வெச்சிருந்தான். முந்தின ராத்திரி இறைவன் அவன் கனவுல வந்து, 'நாளைக்கு நான் நின்றவூர்ல பூசல் கட்டின கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் வெச்சுக்கோ'ன்னு சொல்லிட்டார். ராஜா புறப்பட்டு நம்ம ஊருக்கு வந்து, 'பூசலார் கட்டின கோயில் எங்கே?'ன்னு கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்க இல்லையேன்னு ஊர்ல சொல்லிட்டாங்க.

இன்னிக்கு அந்த மனக்கோயிலின் நினைவா ஊர்ல ஹிருதயாலீஸ்வரர் கோயில் இருக்கு. இதய நோய் உள்ளவங்க வந்து வேண்டிக்கிறாங்க. ராஜா கட்டினது காஞ்சி கைலாசநாதர் கோயில்னு சொல்றாங்க. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் எழுப்பினது. அந்தக் கோயிலைச் சுத்தி வந்தா ராஜாவோட பட்டப்பெயர்கள் கல்லுல வரிசையா இருக்கும். கலியுகத்திலும் அசரீரி கேட்டவன்னு அவனைப் புகழுற கல்வெட்டும் அங்கே உண்டு. பூசலார் கதையோடு அதைச் சேர்த்துப் பார்க்கிற ஆய்வாளர்கள் இருக்காங்க. ஆனா பூசலார் பேர் அதுல கிடையாது.

முதல்ல நான் இதுல இருந்து எடுத்துக்கிட்ட பாடம் சுலபமானது. உண்மையான பக்திக்குப் பேர் வேண்டாம், போர்டே வேண்டாம், கேன்சல் பண்ணிடலாம். டியூப்லைட் வெளிச்சத்தை விட உபயதாரர் பேர் பெருசா இருக்கிறதை நாமளே எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கோம்! குரூப்ல இப்படியே டைப்பும் பண்ணிட்டேன். அனுப்பப் போகும்போது ஒரு விஷயம் இடறுச்சு.

பூசலார் பேரை எழுதலைன்னா, எனக்கு எப்படி இந்தக் கதை தெரியும்?

*யாரோ ஒருத்தர் கேட்டதால்தான்*

பூசலார் தன் பேரை எங்கேயும் வெட்டி வைக்கல. ஆனா சுந்தரர் திருத்தொண்டத்தொகையில அவரைச் சொல்லும்போது ஊரையும் பேரையும் சேர்த்துச் சொல்லிட்டார். கதை எல்லாம் அதுல இல்ல. ரோட்டோரக் கல்லுல இருக்கிற அளவுதான். அதைப் பிடிச்சுக்கிட்டு நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார். அப்புறம் பன்னிரண்டாம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணத்துல முழுக்கதையும் சொன்னார். சேக்கிழார் நம்ம பக்கத்துக்காரர்தான். முருகன் மலை மேல நிற்கிற அதே குன்றத்தூர். சோழ அரசின் அமைச்சரா இருந்தவர், காசில்லாத ஒரு அடியாரின் கதையை ஊர் பேரோடு எழுதி வெச்சார்.

கதையிலேயே பாருங்க. கோயில் எங்கேன்னு கேட்டு இல்லைன்னு பதில் வந்ததும் ராஜா திரும்பிப் போயிருக்கலாம். அவன் பூசலார் யாருன்னு விசாரிச்சு, அவர் இருக்கிற இடத்துக்கே போய், விவரம் கேட்டு, கால்ல விழுந்தான். கோயில் கட்டினது அவனோட பெருமைன்னா, வந்து விசாரிச்சது அதைவிடப் பெரிசுன்னு எனக்குத் தோணுது.

ஆக, இங்கே ரெண்டு தனித்தனி விஷயத்தை நான் குழப்பிக்கிட்டிருந்தேன். என் பேர் வேண்டாம்னு நான் சொன்னா அது பணிவு. இன்னொருத்தர் பேர் வேண்டாம்னு நான் சொன்னா அதுக்குப் பேர் பணிவு கிடையாது. அது என்னோட சோம்பல், சில சமயம் திருட்டு. பேரை விட்டுக்கொடுக்கிற உரிமை அந்தப் பேருக்கு உரியவங்ககிட்டதான் இருக்கு.

நம்ம வேலையில வெச்சுப் பாருங்க. நான் எழுதின கோடுக்கு என் பேர் வேண்டாம்னு நான் விட்டா யாருக்கும் நஷ்டமில்ல. டீம்ல இன்னொருத்தர் எழுதினதை எடுத்து என் பேர்ல கமிட் பண்ணினா? கோடு அதேதான், வேலையும் செய்யும். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு ஹிஸ்டரி பார்க்கிறவனுக்கு நான் பொய் சொல்லியிருக்கேன். கிரானைட்ல வெட்டினா அந்தப் பொய்யை மாத்துறது இன்னும் கஷ்டம்.

*கல்லு பேசுற விதம்*

இந்த யோசனையோட நம்ம நாட்டு ரோட்டோரக் கல்லுகளைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு கல்லு என்னை உலுக்கிடுச்சு.

ஒண்ணு திருவண்ணாமலை மாவட்டத்துல, எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. சண்டையில செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல்லு. அவன் பக்கத்துல ஒரு நாய் நிக்குது. அந்த நாய்க்கும் கல்லுல பேர் இருக்கு: கோவிவன். ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காத்து நின்னதுன்னு அது செய்த வேலையும் இருக்கு. சுமார் 1400 வருஷம் முன்னாடி, ஒரு நாயோட பேரை மறக்கக் கூடாதுன்னு யாரோ நினைச்சிருக்காங்க.

இன்னொண்ணு, முதல் உலகப் போர் பலகைகள். தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல பிரிட்டிஷ் அரசு பதிச்சது. 1914 முதல் 1919 வரை இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போருக்குப் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர் விட்டாங்க. அவ்வளவுதான். ரெண்டு எண், ஒரு பேர் கூடக் கிடையாது. அந்தப் பலகை முன்னாடி நிற்கிற கொள்ளுப்பேரனுக்குத் தன் ஆள் அந்த எண்ணுக்குள்ள இருக்காரான்னு கூடத் தெரியாது. இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்ல. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் ஆணையம் 2021-ல தன் அறிக்கையில இதை ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த குறைஞ்சது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், பேர் சொல்லியோ, எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படாம விடப்பட்டாங்கன்னு. நூறு வருஷம் கழிச்சுக் கேட்ட மன்னிப்பு. பேர்களைத் திரும்பத் தேடுறது அவ்வளவு கஷ்டம்.

இதுக்கு நடுவுல மூணாவது ஒரு கல்லும் இருக்கு. சுமைதாங்கி. ரெண்டு கல்லு நட்டு, மேலே ஒரு கல்லு படுக்க வெச்சிருப்பாங்க, தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோட வர்றவங்க யார் துணையும் இல்லாம சுமையை இறக்கி வெச்சு ஏத்திக்கலாம். வயித்துப் பிள்ளையோட இறந்துபோன பெண்களோட நினைவா இதை நடுவாங்க. இறக்க முடியாம போன சுமைக்காக, அடுத்தவங்க சுமையை இறக்கி வைக்க ஒரு கல்லு. பேர் அழிஞ்சு போன சுமைதாங்கிகளும் உண்டு, ஆனா அந்தப் பெண்ணுக்காகச் செய்த உதவி தொடர்ந்து நடக்கும்.

*கஷ்டமான கேள்வி*

சரி, ஆயா பேர் வேணும்னு ஆச்சு. ஆனா அப்பா?

இங்கேதான் நான் மாட்டிக்கிட்டேன். அப்பா பேர் என் பேரா, இல்ல இன்னொருத்தர் பேரா? அவர் தனக்குக் கல்லு கேட்டதில்ல. கேட்டது நான். அப்போ இது பாசமா, இல்ல பாசத்தோட வேஷத்துல இருக்கிற என் ஆசையா? உங்கள்ல நிறைய பேர் இறந்துபோனவங்க பேர்ல அன்னதானம் பண்றீங்க. அது தப்புன்னு நான் சொல்ல வரல. சொல்லவும் மாட்டேன்.

எனக்கு வழி காட்டினது ஒரு சோழ அரசி. செம்பியன் மாதேவி, கண்டராதித்த சோழரின் மனைவி, பத்தாம் நூற்றாண்டு. சின்ன வயசிலேயே கணவரை இழந்தவங்க. செங்கல் கோயில்களைக் கற்கோயில்களா மாத்துறதுலயே வாழ்நாளைச் செலவழிச்சாங்க. கோனேரிராஜபுரத்துல தான் எழுப்பின கற்கோயிலைக் கணவர் பேர்ல எழுப்பினதாகவே கல்வெட்டு சொல்லுது. ஆக, அன்புக்குரியவங்க பேரைப் பொறிக்கலாம், தப்பே இல்ல.

ஆனா அவங்களே திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்கோயிலாக் கட்டும்போது இன்னொரு வேலை பண்ணினாங்க. பழைய கட்டடத்தோட கல்லுகள்ல முன்னாடி தானம் கொடுத்தவங்க விவரம் இருந்தது. புதுச் சுவர் கட்டினா அதெல்லாம் போயிடும். அதனால அந்தப் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, இது பழைய கல்லோட படின்னு குறிப்பும் போட்டு, புதுச் சுவர்ல திரும்ப வெட்ட வெச்சாங்க. கோயில் அவங்களோடது, செலவு அவங்களோடது, சுவரும் அவங்களோடது. ஆனாலும் அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க, விளக்குக்குத் தானம் கொடுத்தவங்க பேர் உட்பட, அந்தச் சுவர்ல இருக்கணும்னு நினைச்சிருக்காங்க.

எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு. நான் புதுசா ஒண்ணு செஞ்சா அதுல அப்பா பேர் போடலாம். ஆயாவோட பானை இருந்த இடத்துல, ஆயாவை மறைச்சுப் போடக் கூடாது. அப்படிப் போட்டா அப்பாவையே பொய் சாட்சி ஆக்குற மாதிரி. அங்கே அவர் தண்ணி குடிச்சவர்தான், வெச்சவர் இல்ல.

*பேர் கிடைச்ச கதை*

அப்புறம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு நண்பனும் ஆயா பேரைத் தேடி அலைஞ்சோம். மாவு மில், பால் பூத், பழைய ரேஷன் கடை வரிசையில நின்னவங்க. எல்லாருக்கும் ஆயாவைத் தெரியும். சட்னி காரமா இருக்கும்னு தெரியும். பேர் தெரியல. கடைசியில பூக்கட்டுற ஒரு அக்கா, ஆயாவோட மகள் வேப்பம்பட்டு பக்கம் இருக்காங்கன்னு சொன்னாங்க.

மகளுக்கு ஐம்பது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அம்மாவுக்குப் பேர் போடுறதெல்லாம் பிடிக்காது தம்பி"ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இப்போ என்ன பண்றது? பேரை விட்டுக்கொடுக்கிற உரிமை உரியவங்களுக்குத்தான்னு நானே முடிவு பண்ணியிருந்தேனே.

"சரிக்கா, போடல. பேர் மட்டும் சொல்லுங்க, நாங்க தெரிஞ்சு வெச்சுக்கிறோம்"னேன்.

அவங்க சிரிச்சுட்டாங்க. "அதுக்குப் போடாமலா? எங்க அம்மா கடையை விட்டுட்டுத் தணிகைக்கு நடக்க முடியாது. ஒரு நாள் கடை போடலைன்னா அன்னிக்கு அடுப்பெரியாது. நடக்கிறவங்க எனக்கும் சேர்த்து நடக்கட்டும்னு தண்ணி வெச்சாங்க. போடுங்க தம்பி. என் பேத்திக்குக் காட்டணும்."

காசில்லாதவர் மனசுல கோயில் கட்டின ஊர்ல, நடக்க முடியாதவங்க பானையில யாத்திரை போயிருக்காங்க. அதைக் கேட்டப்புறம் ரயில்ல வரும்போது நானும் நண்பனும் பேசிக்கவே இல்ல.

ஒருவேளை பேர் கிடைக்காமலே போயிருந்தா? அதுக்கும் சுந்தரர் வழி வெச்சிருக்கார். தெரிஞ்ச அடியார்களைப் பேரோட சொன்னவர், தனித்தனியா சொல்ல முடியாதவங்களுக்காகத் தொகையடியார்னு ஒன்பது கூட்டத்தையும் அதே பதிகத்துல வணங்கியிருக்கார். பேர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியே வணங்கலாம். அந்த வெற்றிடத்துல நம்ம பேரை எழுதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

*போர்டு*

இப்போ டிசைன் மாத்தியாச்சு. போட்டோ இல்ல, எங்க குழு பேர் இல்ல. ஆயாவோட பேர், ஊர், அவங்க செய்த வேலை. மூணே வரி. கீழே சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் மேடை கட்டச் சொல்லியிருக்கோம். காவடி எடுத்து வர்றவங்க காவடியைத் தரையில வைக்க மாட்டாங்க, தெரியும்ல. அந்த மேடையில வெச்சுட்டுத் தண்ணி குடிக்கட்டும். பக்கத்துல எப்பவும் நிறைஞ்சிருக்க ரெண்டு பானை. ஆடிக்கு மட்டும் இல்ல, வருஷம் முழுக்க. அதைத் தினமும் நிரப்பப் பத்து பேர் முறை போட்டிருக்கோம். பேர் போட்டுட்டுப் பானையைக் காய விட்டா அந்தக் கல்லுக்கு அர்த்தமில்ல.

அம்மாகிட்ட சொன்னப்போ கோவிச்சுப்பாங்கன்னு பயந்தேன். அப்பா பேர் வரப் போறதை அவங்கதான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லியிருந்தாங்க. அம்மா வெங்காயம் நறுக்குறதை நிறுத்தல. "உங்க அப்பா பேரு உன் இனிஷியல்லயே இருக்கேடா. ஒரு நாளைக்கு எத்தனை இடத்துல கையெழுத்து போடுற? அதை ஒழுங்கா போடு, போதும்"னாங்க.

அப்புறம், "ஆயா பேர் என்னன்னு சொன்ன?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

அந்தப் பேரை நான் இங்கே எழுதல. அது ஆயா குடும்பம் அந்தச் சுவருக்குன்னு கொடுத்த பேர். ஃபார்வர்டு ஆகி எங்கெங்கேயோ சுத்த வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு நடந்து வாங்க. ஒரு சொம்பு தண்ணி குடிங்க. சுவர்ல படிச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. நீங்க போற கோயில் வழியில, செருப்பு பார்த்துக்கிற பாட்டியோ, படி பெருக்குற தாத்தாவோ, வருஷக்கணக்கா பார்த்துக் கும்பிட்டுட்டுப் போற யாரோ ஒருத்தர் இருப்பாங்க இல்ல? இந்த வாரம் அவங்க பேரைக் கேளுங்க. கேட்டுட்டு, அடுத்த தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.

திருத்தணி முருகனுக்கு அரோகரா!